சொந்த உலையில் வார்த்த டிஸ்க்

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, இதில் உட்காருங்கள். ஃபைலை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், சர்டிபிகேட்டை அப்புறம் பார்க்கலாம். சர்டிபிகேட்டைப் பார்த்து நான் யாரையும் வேலைக்கு வைத்ததில்லை. பார்க்காமலும் வைத்ததில்லை, அது வேறு விஷயம்.

டீ வரும். குடித்துக்கொண்டே கேளுங்கள். பேப்பரில் ‘பவுண்டரிக்கு குவாலிட்டி இன்சார்ஜ் தேவை’ என்று பார்த்துவிட்டு வந்துவிட்டீர்கள். இதற்கு முன்னால் அந்த வேலையில் யார் இருந்தார்கள், ஏன் போனார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்கவில்லை. பெண் பார்க்கப் போனால்கூட நாலு வீடு விசாரிக்கிறோம்.

என் மகள் இருந்தாள். மிருதுளா. இரும்பைப் பற்றியே படித்தவள். மூன்று வருஷம், நாங்கள் வார்க்கிற இரும்பைச் சோதிக்கிற இந்த லேபில் இருந்தாள். ரெண்டு மாதத்துக்கு முன்னால் ஓசூரில் எவனோ ஒருத்தனுடைய பவுண்டரியில் போய்ச் சேர்ந்துகொண்டாள். அப்பன் நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறான், மகள் இன்னொருத்தனிடம் கைகட்டி நிற்கிறாள். உறவுக்காரர்கள் கேட்டால் டிரெய்னிங் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் யாராவது கேட்டால் நீங்களும் டிரெய்னிங் என்றே சொல்லுங்கள்.

எல்லாம் ரெண்டு பிரேக் டிஸ்க்கால் வந்த வினை.

வாட்ச்மேன் ஏதாவது சொன்னானா? சொல்லியிருப்பான். கேட்டுக்கு உள்ளே லாரி வந்தால் பார்க்க மாட்டான், வீட்டு விஷயம் என்றால் காதை இங்கே கழற்றி வைத்துவிட்டுப் போவான். அவன் சொன்னதை விடுங்கள். நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன். நான் ஒரு வார்த்தை, ‘தப்பு என்னுது’ என்று சொன்னால் திரும்பி வருவாளாம். அவள் ஒரு வார்த்தை, ‘இரும்பு மேல தப்பில்லை’ என்று சொன்னால் நானே ஓசூருக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். அவ்வளவுதான் பாக்கி. ஒரே ஒரு வாக்கியம். அவளும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் என் மேல் தப்பு இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து முப்பத்து நாலு வருஷம் ஆகிறது. முதலில் பம்ப் செட்டுக்கு உடம்பு வார்த்தோம். எல்லாம் கிரே அயர்ன். சாதாரண வார்ப்பு இரும்பு. உங்களுக்குத் தெரியும், படித்திருப்பீர்கள். படித்தது வேறு, நான் சொல்வது வேறு. கிரே அயர்ன் என்பது கைதவறிக் கீழே போட்டால் பொரை மாதிரி உடைகிற சாமான். லாரி ஏற்றும்போது உடையும், இறக்கும்போது உடையும். உடைந்ததை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்து வாடிக்கையாளன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அப்புறம்தான் எஸ்.ஜி. என்கிற இரும்பு வந்தது. உருகின இரும்பில் மெக்னீசியம் போட்டால் அதே இரும்பு வேறு ஜாதி ஆகிவிடும். சம்மட்டியால் அடித்தால் வளையும், உடையாது. நான் எஸ்.ஜி. போடப் போகிறேன் என்றபோது இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருந்த அத்தனை பவுண்டரிக்காரனும் சிரித்தான். மெக்னீசியம் போடும்போது கண்ணைப் பறிக்கிற மாதிரி வெளிச்சம் வரும். ‘பொங்கியண்ணன் தீபாவளி கொண்டாடறான்’ என்றான்கள். இன்றைக்கு அவர்களில் பாதிப் பேர் ஷெட்டை வாடகைக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் லாரிக்கு அடியில் மாட்டுகிற பிராக்கெட் வார்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒன்று உடைந்தது என்று திரும்பி வந்ததில்லை.

அதனால் இரும்பைப் பற்றி என்னிடம் யாரும் பேச முடியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

சரி, டிஸ்க்குக்கு வருகிறேன். மிருதுளாவுக்குக் கார் ஓட்டுகிற பைத்தியம். மற்ற பெண்கள் மாதிரி ஓட்டுவது இல்லை, ஊருக்கு வெளியே ரேஸ் ட்ராக் இருக்கிறதே, அங்கே. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரைக் கொண்டு போய் ஓட்டலாம், ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று எழுதுவார்கள். வருஷக் கடைசியில் குறைந்த நேரம் எடுத்தவர்களுக்குக் கோப்பை. வெள்ளி கூட இல்லை, பித்தளைக்கு முலாம். அதற்காக ஒரு ஜெர்மன் காரைப் பழசாக வாங்கினாள். பார்த்தால் சின்ன வண்டி, நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். ஆனால் இருநூறு குதிரை சக்தி. ‘அம்மிணி, இருநூறு குதிரைய வெச்சு என்ன பண்ணப்போற, தேர் இழுக்கப்போறயா?’ என்று கேட்டேன். ‘நிறுத்தப்போறனுங்கப்பா’ என்றாள். ‘ஓட்டறது எல்லாருக்கும் வரும், எங்க நிறுத்தறோம்ங்கறதுலதான் விநாடி இருக்குது.’

போன வருஷக் கடைசியில் அவள்தான் பெண்களில் முதல். எல்லோரையும் சேர்த்தால் ரெண்டாவது. கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒன்று பாக்கி. வண்டியின் முன் சக்கரத்து டிஸ்க் ரெண்டும் தேய்ந்துவிட்டது, புதிதாக டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற பேடும் போட வேண்டும் என்று கடைக்குக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். இரும்பு வாங்கப் போகிறாள், அப்பன் வீட்டில் உட்கார்ந்திருப்பதா?

அந்தக் கடையை நீங்கள் பார்க்க வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்று நினைத்துக்கொண்டு போனேன். நகைக்கடை மாதிரி இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் டிஸ்க், மேலே லைட்டு. தாடி வைத்த ஒரு பையன், கையில் கறுப்பு உறை போட்டுக்கொண்டு எடுத்துக் காட்டுகிறான், ஏதோ தாலிக்கொடி மாதிரி. முதலில் ஒன்று காட்டினான், முழுக்க ஓட்டை. இட்லித் தட்டு கெட்டது போங்கள். அடுத்தது கோடு கோடாக வெட்டினது. அதற்கடுத்தது ஓட்டையும் கோடும் ரெண்டும். ‘சார், இது ரேஸ் லுக் குடுக்கும்’ என்றான். நான் கேட்டேன், ‘தம்பி, இது நிக்குமா, லுக் குடுக்குமா?’ என்று. அவன் சிரித்தான். பதில் தெரியாதவன் சிரிப்பான், பார்த்துக்கொள்ளுங்கள்.

மிருதுளா அதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘ஓட்டை ஆகாதுங்கப்பா. ஓட்டை ஓரத்துலிருந்துதான் வெடிப்பு கெளம்பும். நமக்கு ப்ளெயின் போதும்’ என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் ரத்தம் இல்லையா. பேடிலும் அப்படித்தான். பையன் ரேஸ் பேடு என்று ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். ‘இது சூடானாத்தான் புடிக்கும். வீட்டுலிருந்து ட்ராக்குக்குப் போற வழியில மாடு குறுக்க வந்தா என்ன பண்றது?’ என்று கேட்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ரோட்டுக்கும் ஆகும், ட்ராக்குக்கும் ஆகும் என்று நடுவாந்திரமாக ஒன்று எடுத்தாள். நான் பேடில் தலையிடவில்லை. பேடு மண்ணும் பசையும், அது என் விஷயம் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, பேடு அவள் எடுத்தது.

ஆனால் ப்ளெயின் டிஸ்க்கைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தேன். தட்டினவுடனே தெரிந்துவிட்டது. மொட்டைச் சத்தம். எஸ்.ஜி. என்றால் கோயில் மணி மாதிரிக் கேட்கும். இது என்னடா என்று பார்த்தால் கிரே அயர்ன்! இருநூறு குதிரை, மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர், அதை நிறுத்துவதற்கு பம்ப் செட்டு இரும்பு. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறான் ஜெர்மன்காரன். ‘அம்மிணி, இதைய வாங்காத. நம்ம உலையில நான் வார்த்துத் தர்றேன்’ என்றேன். பையன் முன்னாலேயே சொன்னேன். அவள் ரெண்டு டிஸ்க்கையும் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

வரும் வழி முழுக்கப் பாடம் நடத்தினாள். உங்களுக்கும் அதே பாடம்தான் நடத்தியிருப்பார்கள். பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுவதுதானாம். சூடு ஓட வேண்டுமாம். ‘கிரே அயர்னுக்குள்ள இருக்கற கரி, அந்த கிராஃபைட்டு, எலை எலையா, ஒன்னை ஒன்னு தொட்டுட்டு இருக்குதுங்கப்பா. சூடு அது வழியாவே ஓடிரும். எஸ்.ஜி.ல உருண்டை உருண்டையா தனித்தனியா நிக்குது. சூடு போறதுக்கு வழி இல்லை. அங்கயே நிக்கும். அப்பறம் பேடுக்கு ஏறும், பேடுலிருந்து பிரேக் ஆயிலுக்கு ஏறும், ஆயில் கொதிச்சா பெடலை மிதிச்சாலும் ஒன்னும் இருக்காது.’

நன்றாகத்தான் சொன்னாள். சொல்வதில் குறை இல்லை. காலேஜில் சொல்லிக்கொடுத்தது அப்படியே ஒரு எழுத்துப் பிசகாமல் வருகிறது. நான் கேட்டேன், ‘ஒடஞ்சா?’ என்று. ‘ஒடையாதுங்க.’ ‘கிரே அயர்ன் ஒடையாதா? எனக்கே சொல்றயா?’ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் பேச்சோடு விடுகிற ஆள் இல்லை. அச்சுக்கு மரத்தில் பேட்டர்ன் போடச் சொன்னேன், உள்ளே காற்றுப் போகிற சந்துக்குக் மணலில் கோர் செய்யச் சொன்னேன், பத்து நாளில் ரெண்டு டிஸ்க் வார்த்து லேத்தில் கடைந்து எடுத்தாகிவிட்டது. எங்கள் உலைக்காரன் சூசை இருக்கிறானே, இருபத்தாறு வருஷமாக என்னோடு இருக்கிறான், அவனே சொன்னான், ‘மொதலாளி, இப்பிடி ஒரு வார்ப்பு நாம எடுத்ததில்லீங்க’ என்று. ஊசி முனை அளவு துளை இல்லை. கண்ணாடி மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரம். எல்லோரையும் நிற்கச் சொன்னேன். அவள் கடையில் வாங்கி இன்னும் மாட்டாமல் வைத்திருந்த டிஸ்க்கில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிப் பட்டறைக் கல் மேல் சாய்த்து வைத்தேன். பன்னிரண்டு பவுண்டு சம்மட்டி. இந்த வயதிலும் நானேதான் அடித்தேன். ஒரே அடி. மூன்று துண்டு. அப்புறம் நம் டிஸ்க். அடித்தேன். வளைந்தது. மறுபடி அடித்தேன். இன்னும் கொஞ்சம் வளைந்தது, அவ்வளவுதான். நாற்பது பேரும் கைதட்டினார்கள் தம்பி. சூசை விசில் அடித்தான்.

அவள் மட்டும் தட்டவில்லை. அந்தத் தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ‘காரை யாரும் சம்மட்டில அடிக்கறதில்லீங்கப்பா’ என்றாள். யாரோ ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அது இருக்கட்டும்.

வளைந்ததற்குப் பதிலாக மறுநாளே இன்னொன்று வார்த்தாகிவிட்டது. இதில் என்ன ஒரு கஷ்டம் என்றால், கடை டிஸ்க்கில் ஒன்றை நான் உடைத்துவிட்டேன் இல்லையா, மிச்சம் இருந்த ஒன்று எதற்கும் ஆகாது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கடைக்கு போன் பண்ணிப் பார்த்தாள். இன்னொரு ஜோடி வர மூன்று வாரம் ஆகும் என்றான் தாடிக்காரன். கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு நாள்தான் இருந்தது. நான் வேண்டுமென்று செய்தேன் என்று அவள் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். ஒரு விஷயத்தை நிரூபிக்க வேண்டும் என்றால் ஏதாவது ஒன்று உடைந்துதானே ஆக வேண்டும்?

இப்போது நான் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். உங்கள் வேலை சம்பந்தப்பட்டது. இந்தப் பவுண்டரியில் ஒரு பழக்கம் உண்டு. லேபில் இருக்கிற ஆள் ஒரு வார்ப்பின் மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால் அது செத்த வார்ப்பு. உலைக்குத்தான் திரும்பிப் போகும். வாடிக்கையாளன் வாசலில் லாரியோடு நிற்கட்டும், மந்திரி போன் பண்ணட்டும், கோட்டை அழிக்க முடியாது. முதலாளியாலும் முடியாது. அந்தச் சட்டம் நான் போட்டது. நோட்டீஸ் அடித்து நானே கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கிறேன், வெளியே போகும்போது பாருங்கள், கொஞ்சம் புகை படிந்திருக்கும்.

அந்த இன்னொன்றும் தயாரான மறுநாள் காலையில் வந்து பார்க்கிறேன். என் ரெண்டு டிஸ்க் மேலும் சிவப்புக் கோடு.

எப்படி இருக்கும் எனக்கு? நாற்பது பேர் பார்க்கிறார்கள். ‘இதென்னம்மிணி?’ என்றேன். ‘ரிஜெக்ட்டுங்க’ என்றாள். ‘என்ன கொறை?’ ‘வார்ப்புல கொறை இல்லீங்கப்பா. வேலைக்கு ஆகாது.’ ‘கொறை இல்லாத வார்ப்புக்கு எந்தப் பவுண்டரில ரிஜெக்ட்டு போடறாங்க?’ ‘பிரேக்குக்குன்னு போட்டதுனால ரிஜெக்ட்டு. கதவு சாயாம முட்டுக் குடுக்கறதுக்குன்னா பாஸ்’ என்றாள். எல்லோர் முன்னாலும். வாய்க் கொழுப்பு அவள் அம்மா வழி.

நான் சூசையைக் கூப்பிட்டு, ‘தின்னர் போட்டுத் தொடைடா’ என்றேன். அவன் அசையவில்லை. இருபத்தாறு வருஷச் சோறு. ‘மொதலாளி, கோடுங்க’ என்கிறான். கோடு என்று எனக்குத் தெரியாதா? நானே துணியை எடுத்துத் துடைத்தேன். ஒரு நிமிஷ வேலை. சட்டம் என்பது வாடிக்கையாளனுக்குப் போகிற சாமானுக்கு. இது வீட்டுச் சாமான். அப்பன் மகளுக்குக் கொடுக்கிறது. இதில் சட்டம் எங்கே வந்தது?

அவள் வண்டி ஓட்ட மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். கோப்பை போனால் போகட்டும் என்றாள். நான் கத்தவில்லை. அமைதியாகச் சொன்னேன், ‘பரவாயில்லை கண்ணு, நீ ஓட்டலீன்னா அந்த டிஸ்க்கைப் போட்டு நான் ஓட்டறேன். ட்ராக்குல எம்பேரைக் குடுத்துரு’ என்று. நான் செய்வேன் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் செய்கிறவன் நான். எனக்குச் சர்க்கரை, ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அது வேறு. ராத்திரிச் சாப்பாட்டில் அவள் அம்மாவிடம், ‘நானே ஓட்டிக்கறேன்’ என்று சொல்லிவிட்டாள். பார்த்தீர்களா? ரோஷம். கொஞ்சம் தூண்டிவிட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட்டோம். அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். குனிந்து பார்த்தால் பாதிப் பேருக்குச் சக்கரத்துக்கு உள்ளே பிரேக் மேல் சிவப்புப் பெயிண்ட், மஞ்சள் பெயிண்ட், டிஸ்க்கில் ஓட்டை. பெயிண்ட் அடித்தால் வண்டி நின்றுவிடுமா? நான் ஒவ்வொருத்தனிடமும் போய், ‘எங்க வண்டில இருக்கறது எங்க உலையில வார்த்தது, எஸ்.ஜி.’ என்று சொன்னேன். ஒருத்தன், கண்ணாடி போட்டவன், ‘எஸ்.ஜி.யா சார்? டிஸ்க்குக்கா?’ என்று ரெண்டு தடவை கேட்டான். ஆச்சரியப்பட்டுவிட்டான்.

முதல் சுற்று பிரமாதம். ரெண்டாவது சுற்று அவளுடைய நேரங்களிலேயே குறைந்த நேரம். எழுதுகிறவனிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்றாவது சுற்றில் வண்டி என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு வாசனை வந்தது, ரப்பர் தீய்கிற மாதிரி. பேடு வாசனை. பேடு யார் எடுத்தது? சொன்னேன் இல்லையா. சக்கரத்துக்குள்ளே லேசாகச் சிவப்பு தெரிந்தது. நான் உலைக்காரன், அது எத்தனை டிகிரிச் சிவப்பு என்று பார்த்தவுடனே தெரியும். கையைக் காட்டி நிறுத்தச் சொல்லியிருக்கலாம் என்று அவள் அம்மா சொல்கிறாள். அறுநூறு டிகிரியில் எஸ்.ஜி.க்கு ஒன்றும் ஆகாது, எனக்குத் தெரியும். எதற்கு நிறுத்த?

நாலாவது சுற்று. நேர் ரோட்டின் கடைசியில் வலது பக்கம் ஒரு வளைவு. அந்த இடத்தில் எல்லோருடைய வண்டியும் பிரேக் பிடித்து முன்னால் குனியும். அவளுடைய வண்டி குனியவில்லை. அப்படியே போனது. ஜல்லிக்குள் இறங்கி, புழுதி கிளம்பி, டயர் அடுக்கி வைத்திருப்பார்களே, அதில் போய் விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. பொத்தென்று ஒரு சத்தம்.

ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான்தான் முதலில் போனேன், அந்தச் சின்னப் பையன்களுக்கெல்லாம் முன்னால். போனவுடனே குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தேன். நீலம் பாய்ந்து கிடக்கிறது, புகை வருகிறது, ஆனால் முழுசாக இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. அந்தப் பக்கம் ஓடிப்போய் அதையும் பார்த்தேன். அதுவும் முழுசு. ‘ஒடையலை! ஒடையலை பாரு!’ என்று கத்தினேன். சந்தோஷத்தில் கையை வைத்துவிட்டேன். இங்கே பாருங்கள், இந்த மூன்று விரல். தோல் இன்னும் சரியாக வரவில்லை. அன்றைக்குக் காயம் பட்டது அவளுக்கு மட்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை.

அவளுக்கு இடது கை மணிக்கட்டு. ரெண்டு இடத்தில் முறிவு. அவளை யார் வெளியே எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடிக்காரன் என்று அப்புறம் சொன்னார்கள். நான் நிமிர்ந்து பார்க்கும்போது அவள் ஜல்லி மேல் உட்கார்ந்திருந்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டு. ஹெல்மெட்டை யாரோ கழற்றியிருந்தார்கள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் சக்கரத்துக்குக் கீழே இருந்தேன்.

‘அம்மிணி, டிஸ்க் ஒடையலை’ என்றேன்.

‘தெரியுமுங்கப்பா’ என்றாள். ‘அது ஒடையாது.’

அவள் வாயாலேயே சொன்னாள். எழுதிக்கூட வைத்திருக்கிறாள். கட்டுப் போட்ட கையோடு புதன்கிழமை வந்து, ஒரு டிஸ்க்கை அறுக்கச் சொல்லி, அந்த மைக்ராஸ்கோப்பில் ஒற்றைக் கையால் வைத்துப் பார்த்து, ஒரு பக்கம் ரிப்போர்ட் அடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் இந்த ஷெட்டுக்குள் வரவில்லை. கட்டுப் பிரித்த வாரம் ஓசூர். இதோ, இந்த மேசைக் கண்ணாடிக்குக் கீழேதான் இருக்கிறது. உங்களுக்கு இங்கிருந்தே தெரியும். கடைசியில் ரெண்டு வரி. ‘உலோகம் முதல் தரம். இந்த வேலைக்கு ஏற்றதல்ல.’ முதல் தரம்! மூன்று வருஷத்தில் இந்த லேபிலிருந்து ஒரு வார்ப்புக்குக்கூட அவள் அப்படி எழுதியதில்லை. சரியாக இருந்தால் ‘பாஸ்’ என்று எழுதுவாள், அவ்வளவுதான். ரெண்டாவது வரியை விடுங்கள், அது கோபத்தில் எழுதினது.

ஆயில் கொதித்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னான். ஆயில் வாங்கினவனைக் கேட்க வேண்டும். பேடு கருகியிருக்கிறது என்றான். பேடு எடுத்தவளைக் கேட்க வேண்டும். டிஸ்க்கைப் பற்றி அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொன்னான், நான்தான் அவனை வெளியே போகச் சொன்னேன், ஆனால் அதற்கு முன்னால் சொல்லவில்லை.

தினமும் சாயங்காலம் அவள் அம்மாவுக்கு போன் பண்ணுகிறாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள், எனக்குக் கேட்க வேண்டும் என்று. நான் ஹாலில் டிவியைச் சத்தம் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஓசூரில் என்ன சாப்பாடு, என்ன வேலை எல்லாம் சொல்வாள். அங்கே பிரேக் டிஸ்க் வார்க்கிறார்களாம். ஆமாம், கிரே அயர்ன். வார்க்கட்டும். அவனவன் தலையெழுத்து. ‘அப்பா மாத்திரை போடறாங்களா?’ என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். ‘நீயே கேளு’ என்பாள் அவள் அம்மா. அப்புறம் வைத்துவிடுவார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். டீ ஆறிவிட்டது, குடியுங்கள்.

உங்களுக்கு முன்னால் நாலு பேர் வந்து போனார்கள். நான் சர்டிபிகேட் கேட்கவில்லை, சம்பளம் பேசவில்லை. ஒரே கேள்விதான். வேகமாக ஓடுகிற வண்டிக்கு பிரேக் டிஸ்க் வார்க்க வேண்டும், எந்த இரும்பு? நாலு பேரும் கிரே அயர்ன் என்றார்கள். மூச்சுக்கூட விடவில்லை. கிளிக்குக்கூடக் கொஞ்சம் நெல் போட்டால்தான் பேசும். அதில் ஒரு பெண், காரமடைப் பக்கத்துக்காரி, இருபத்து மூன்று வயதுகூட இருக்காது. நான் இந்தக் கதையெல்லாம் சொல்லி முடித்த பிறகும், ‘கிரே அயர்ன்தானுங்க சார், வேற வழியில்லை’ என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். வேலை கிடைக்காது என்று தெரிந்தே சொன்னாள். திமிரைப் பாருங்கள்.

இப்போது நீங்கள். யோசித்துச் சொல்லுங்கள், அவசரம் இல்லை. எந்த இரும்பு?

என்ன?

சத்தமாகச் சொல்லுங்கள் தம்பி, வெளியே கிரைண்டர் ஓடுகிறது. எஸ்.ஜி.யா?

எஸ்.ஜி.

ஏன் எஸ்.ஜி.? உடையாது, அதனாலா? சூடு? சூட்டைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? அதெல்லாம் சமாளித்துக்கொள்ளலாமா. எப்படிச் சமாளிப்பீர்கள்? ‘உங்க அனுபவத்துக்கு முன்னால படிப்பு என்னங்க சார்’ என்கிறீர்கள். சரி.

நான் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இலை இலையாகக் கிராஃபைட், அது வழியாகச் சூடு ஓடும் என்று அவள் சொன்னதைச் சொன்னேனே, அந்த இடத்தில் தலையாட்டினீர்கள். உங்களை அறியாமல் ஆட்டினீர்கள். நான் கையைக் காட்டி நிறுத்தவில்லை என்ற இடத்தில் டீ டம்ளரைக் கீழே வைத்தீர்கள். உங்களுக்குத் தெரியும். அந்த நாலு பேருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டு, என் மூஞ்சிக்கு எதிரே உட்கார்ந்து, எஸ்.ஜி. என்கிறீர்கள்.

நாளைக்கு நான் ஓட்டை வார்ப்பைக் கொண்டுவந்து நல்லது என்றால் நல்லது என்பீர்களா? அது லாரிக்குக் கீழே போய் மாட்டும் தம்பி. அதற்கு மேலே ஆள் உட்கார்ந்திருப்பான். தலையாட்ட எனக்கு ஆள் வேண்டுமென்றால் வெளியே நாற்பது பேர் இருக்கிறார்கள். அதில் சூசை ஒருத்தன்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுவான். உங்களைக் கொண்டுபோய் அவளுடைய அந்த நாற்காலியில் உட்காரவைத்தேன் என்று ஓசூருக்குச் செய்தி போனால் அவள் என்ன நினைப்பாள்? இந்த ஆளுக்கு இதுதான் வேண்டியிருந்தது என்று நினைக்க மாட்டாளா?

எழுந்திருங்கள். ஃபைலை மறந்துவிடாதீர்கள். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை, டீக்குக் காசு கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். டிஸ்க் விஷயத்தில் நான் சொன்னது சரி. நீங்கள் சொன்னதுதான் தப்பு.